டயர் அறைக்குள் இருந்த மெக்கானிக் குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நான் ஒரு மெக்கானிக்கை டயர் அறையில் வைத்துப் பூட்டி, உண்மையைச் சொன்னால்தான் வெளியே விடுவேன் என்று மிரட்டியதாக உங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். உங்கள் மூத்த மகள் போனில் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் யாரையும் பூட்டவில்லை. கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. மொத்தமே நாற்பது நிமிடம்தான். உள்ளே நாற்காலி இருந்தது, விளக்கு எரிந்தது, குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தேன். இதில் மிரட்டல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அடுத்த முறை கேட்கும்போது அவரைக் கட்டிப்போட்டதாகவும் இருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், டிரைவர், லாரி. மூன்றாவது நபரைச் சேர்த்து இப்படி எழுத இரண்டு மாதம் ஆயிற்று. அங்கே உங்கள் மனைவிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இருபதாம் தேதி பழைய இரும்புக் கடைக்காரர் வந்து லாரியை இழுத்துக்கொண்டு போவார், அதற்குள் கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். சொன்ன சொல்லை நான் மறுக்கவில்லை. உங்கள் அண்ணன் போன பிறகு இருந்த நான்கு லாரிகளில் மூன்றை விற்றபோது நான் வாய் திறக்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இது கடைசி வண்டி. பாதி உங்கள் பெயரில் இருக்கிறது, பாதி என் பெயரில் இருக்கிறது. எந்தப் பாதியில் கோளாறு என்று யாரும் சொல்லாததால் முழுவதையும் நானே பார்த்தேன்.

கோளாறு இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி முக்கால் மணி நேரம் ராஜா மாதிரி ஓடுகிறது. அதன் பிறகு இழுவை குறைகிறது. பாலம் தாண்டி மேட்டில் ஏறும்போது இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்புகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, அங்கே எந்தக் கோளாறும் காட்டுவதில்லை. விருந்தாளியைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும் குழந்தை உண்டு அல்லவா, உங்கள் இரண்டாவது மகன் அப்படித்தான் இருந்தான், அதே ரகம். இதற்குள் தொழிற்சாலை மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டு, இன்னொரு தடவை சரக்கு தாமதமானால் வேறு வண்டி பார்க்க வேண்டியிருக்கும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது.

நம்பகமான மெக்கானிக் யார் என்று பத்துப் பேரிடம் விசாரித்தேன். பத்துப் பேரும் பத்துப் பெயர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரையும் திருடன் என்றார்கள். முதலில் போனது பெரிய சாலையில் இருக்கும் பட்டறைக்கு. அங்கிருக்கும் மெக்கானிக்குக்கு நான் வைத்திருக்கும் பெயர் எல்லாம்போச்சு. வண்டியை வாசலில் நிறுத்துவதற்குள்ளேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"என்ஜினே போச்சும்மா."

"இன்னும் பானெட்டையே தொறக்கலையே?"

"தொறக்கணுமா என்ன? சத்தத்துலயே தெரியுதே. பிஸ்டன் போச்சு, ரிங் போச்சு, ஹெட்டும் போச்சு. மொத்தமா எறக்கிப் பிரிச்சு மேயணும்."

"எல்லாம் போயிருந்தா வண்டி இங்க வரைக்கும் எப்படி வந்துச்சு?"

"அதுதாம்மா எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

இரண்டாமவர் காதுக்காரர். ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. டிரைவர் தும்மியதற்கு ஒரு முறை முறைத்தார். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, டீசல் பம்ப் அழுகிறது என்றார். கழற்றினார், கழுவினார், மாட்டினார். இப்போது சிரிக்கிறது என்றார். மறுநாள் அதே மேட்டில், அதே மைல்கல் பக்கத்தில் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டது. மேலாளர் அனுப்பிய ஓர் ஆளும் வந்தார், கையில் சின்னக் கம்ப்யூட்டரோடு. அதன் ஒயரை வண்டியில் எங்கே சொருகுவது என்று ஐந்து நிமிடம் குனிந்து, படுத்து, தவழ்ந்து தேடினார். நம் வண்டி பிறந்த காலத்தில் அப்படிப்பட்ட துளை எதுவும் வைக்கவில்லை என்று டிரைவர் சொன்னதும், "அப்போ எனக்கு இங்க வேலை இல்லை" என்று எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. நேர்மையான மனிதர்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாய்ப் பேச்சில் யாரை நம்புவது? பேசும்போது மனிதன் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதிலை மாற்றுகிறான். எங்கள் கான்வென்ட்டில் பதினோரு வருடம் படித்ததில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்க முடியாதபடி உட்காரவைத்து எழுதச் சொன்னால், யாருக்கு என்ன தெரியும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆகவே மெக்கானிக்குகளுக்கு எழுத்துத் தேர்வு வைத்தேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எல்லாம்போச்சுவும் காதுக்காரரும் மறுபடி வருவார்களா என்று சந்தேகமாக இருந்தது. டிரைவர் அந்த வேலையை அழகாக முடித்தார். இவரிடம் போய், அவர் பயந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார் என்று சொன்னார். அவரிடம் போய் இவரைப் பற்றி அதையே சொன்னார். இரண்டு பேரும் குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே வந்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ஊருக்கு வெளியே ஒற்றைக் கொட்டகையில் தனியாக வேலை செய்பவர். நான் போனபோது ஒரு வண்டிக்காரரிடம், "இதுல ஒண்ணும் இல்ல, காத்து அடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று ஒரு மெக்கானிக் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் அவரையும் கூப்பிட்டேன்.

தேர்வு முறைப்படி நடந்தது. ஒவ்வொருவருக்கும் வண்டியோடு கால் மணி நேரம். பிறகு ஆளுக்கு ஒரு தாள், ஒரு பேனா. எல்லாம்போச்சு முன் கூடத்தில், காதுக்காரர் அலுவலக அறையில், மூன்றாமவர் டயர் அறையில். கேள்வி ஒன்றுதான்: வண்டி ஏன் நிற்கிறது? எல்லாம்போச்சு இரண்டு பக்கம் எழுதி இன்னொரு தாள் கேட்டார். காதுக்காரர், அன்று என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தபோது டிரைவர் தும்மியதால் தன் கவனம் சிதறியது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துத் திருத்த உட்கார்ந்தேன். திருத்த உட்கார்ந்தால் எனக்கு வேறு ஞாபகம் இருக்காது. ஏதோ மெல்லத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அவர் எழுந்து நின்று கேட்டது இதுதான்: "அம்மா, நேரம் முடிஞ்சுதா?"

பூட்டியதும் தேர்வின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சும்மா இருக்க முடியாமல் டயர்களை எல்லாம் உருட்டிப் பார்த்து, இரண்டு உதவாதென்று தனியே எடுத்து வைத்துமிருந்தார். அவர் தாளில் இருந்தது ஒரே வரி. "தெரியவில்லை. நிற்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்."

எங்கள் பள்ளியில் தெரியவில்லை என்று எழுதினால் பூஜ்யம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன் தம்பி. மூன்று பேரில் உண்மையை எழுதியவர் இவர் ஒருவர்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

ஆக, மறுநாள் காலை சரக்கு ஏற்றிக்கொண்டு டிரைவர், மூன்றாமவர், நான் மூவரும் கிளம்பினோம். 'நீங்கள் எதற்குப் போனீர்கள் அண்ணி' என்று கேட்காதீர்கள். என் வண்டி எப்படி நிற்கிறது என்பதை நானும் பார்க்க வேண்டாமா? கேபின் அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சமையலறை முக்காலியை வைத்து ஏறினேன். முக்காலியும் எங்களோடு வந்தது. முக்கால் மணி நேரம் நன்றாகப் போனோம். பாலம் வந்தது. மேடு வந்தது. இரண்டு இருமல். நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்ததும் பெரும்பாலானவை நிறுத்திவிட்டன.

மூன்றாமவர் பானெட்டைத் தொடவே இல்லை. இறங்கி நேராக டீசல் டாங்க்குக்குப் போனார். காதைக் கிட்டே வைத்தார். பிறகு மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், நீரில் முங்கியிருந்த ஆள் தலையைத் தூக்கி மூச்சை இழுப்பதுபோல. அவர் டிரைவரைப் பார்த்து, "இப்ப அடிங்க" என்றார். டிரைவர் சாவியைத் திருப்பினார், வண்டி கொஞ்சம் முக்கி முனகி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க பாருங்கம்மா. மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கணும். யாரோ அடைச்சிருக்காங்க. ஆனா வேலையைப் பாருங்க, என்ன சுத்தம்! பசை வெச்சு, காஞ்சப்புறம் தேய்ச்சு, மேல அதே கலர்ல பெயிண்டும் அடிச்சிருக்காங்க. தொட்டுப் பாத்தாக்கூடத் தெரியாது. யாரோ நல்ல கைக்காரங்க. மூளைதான் கூட வரல."

டிரைவர் திடீரென்று பின் சக்கரத்தை ஆராயப் போய்விட்டார்.

தம்பி, இரண்டு மாதத்துக்கு முன் வண்டிக்குப் பெயிண்ட் அடித்த சமயம், வேலை சரியாக இருக்கிறதா என்று நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கிவிடும் என்று தோன்றியது. என் கண்ணில் பட்ட ஓட்டையை அடைக்காமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஒரு மத்தியான நேரம் முழுவதும் உட்கார்ந்து அடைத்தேன். அன்று மனதுக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

மேட்டில் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். டிரைவர் கழுத்தைப் பிடித்தாலும் சொல்லமாட்டார். ஒரு பஸ் எங்களைக் கடந்து போகும் நேரம் யோசித்தேன். பிறகு, "நான்தான்" என்றேன்.

"அம்மாவா?"

"ஆமா. ஓட்டை இருந்துச்சு. தண்ணி போகும்னு அடைச்சேன்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் குழைந்து, "பரவாயில்லம்மா, நல்ல எண்ணத்துலதானே செஞ்சீங்க" என்று பல்லைக் காட்டியிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை.

"அது மூச்சு விடறதுக்கு வெச்ச ஓட்டைம்மா. டீசல் வெளிய போகப் போக அந்த எடத்துக்குக் காத்து வரணும்ல? வழி இல்லன்னா டாங்க் டீசலை விடாம உள்ளயே இழுத்துப் பிடிச்சுக்கும். அப்புறம் என்ஜின் எதைக் குடிக்கும், பாவம்? அது ஒரு தப்பும் பண்ணல. பம்ப்பும் பண்ணல. நீங்கதான் பண்ணீங்க."

"சொல்லி முடிச்சாச்சா?"

"இல்லம்மா, இன்னொண்ணு இருக்கு. இனிமே வண்டியில எதையாவது சரி பண்ணணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, கை வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க."

நடு ரோட்டில், அத்தனை வண்டிகளுக்கு முன்னால் சொன்னார். என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. உங்கள் அண்ணன்கூட என் தவறைச் சொல்வதென்றால் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் சொல்வார். கைப்பையில் இருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். அதாலேயே குத்தித் துளையைத் திறந்தார். வண்டி மேட்டில் ஏறியது, இறங்கியது, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியும் வந்தது. ஓர் இருமல்கூட இல்லை. அதற்குப் பிறகு இன்றோடு ஒன்பது நடை போய்வந்துவிட்டது.

திரும்பி வரும்போதுதான் டிரைவரைக் கேட்டேன். மூன்றாமவர் எங்கள் இருவருக்கும் நடுவில், என்ஜின் மூடி மேல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"டாங்க் மூடியைத் தொறந்தா கிளம்பும்னு தெரியும்மா. ரெண்டாவது தடவை நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குக் கால் மணி நேரம் நிக்கணும்?"

"நேரத்தை நோட்டுல எழுதி வெக்கச் சொல்லியிருக்கீங்களே. உடனே கிளம்பிட்டா, எப்படின்னு கேப்பீங்க."

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே?"

"அன்னிக்குப் பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தாம்மா. அப்பவே சொல்லியிருக்கணும். நீங்க ரொம்ப சந்தோஷமா பண்ணிட்டிருந்தீங்க."

மூன்றாமவர் அழுதுவிடுவார் போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று.

ஆகவே தம்பி, கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது; குறித்த நாளுக்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வண்டியில் குறை இல்லை, குறை என்னிடம் இருந்தது, என்னை இரும்புக் கடையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தைரியமாக உண்மை பேசும் மெக்கானிக்கும் கிடைத்துவிட்டார். இனி வண்டியின் காலம் உள்ளவரை அதைத் தொடும் உரிமை அவருக்கு மட்டும்தான். எனக்கே கிடையாது. இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் டிரைவர். இருபத்தொரு வருடமாக இந்த ஒரு வண்டியை ஓட்டுகிறார். ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை. வண்டியை விற்றுவிட்டால் அந்த மனிதர் எந்த முகத்தோடு எங்கே போய் நிற்பார்? நமக்கு அது பழைய இரும்பு, அவருக்கு அதுதான் வாழ்க்கை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட முடியாது. உங்களுக்கும் மனசு வராது என்று எனக்குத் தெரியும். இரும்புக் கடைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நால்வரும் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களாகவும், நடந்ததை நடந்தபடி சொல்கிறவர்களாகவும் நீண்ட காலம் நன்றாக இருக்க என் ஆசிகள். மூத்தவளுக்கு இரண்டாவது ஆசி கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்க டிரைவரிடம் கொடுத்தேன். "என்னம்மா இவ்வளவு கனமா இருக்கு?" என்றார். அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவரைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். இருபத்தொரு வருடத்தில் இந்த வீட்டில் என் முன்னால் உட்கார்ந்திராத மனிதர், படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டக் கூப்பிட்டாங்க. ஒண்ணாந்தேதியிலேருந்து வரேன்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"ரெண்டு மாசமாச்சு. மேடு ஏறி எறங்கி முதுகு தாங்கலம்மா. அங்க மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வண்டியை வித்துட்டா நான் சொல்லவே வேண்டாமேன்னு இருந்தேன்."

"அப்ப மூடி விஷயத்தைச் சொல்லாம இருந்தது, நான் வருத்தப்படுவேன்னா? இல்ல இதுக்காகவா?"

தரையைப் பார்த்தார். "ரெண்டும்தாம்மா."

ஆகையால் டிரைவரைப் பற்றி மேலே எழுதிய பத்தியை நீங்களே ஒரு கோடு போட்டு அடித்துவிடவும். நான் அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். அவரை வாழ்த்தித்தான் அனுப்புகிறேன். வேறொரு டிரைவர் இருப்பதாக மூன்றாமவர் சொல்கிறார். எதிர்த்துப் பேசக்கூடிய ஆள்தானா என்று கேட்டேன், அதைப் பற்றிக் கவலையே படவேண்டாம் என்றார். ஆனால் உங்களுக்குச் சொல்லக் காரணம் என்று பார்த்தால், இப்போது ஒன்றுதான் மிச்சம். எனக்கு அந்த வண்டி வேண்டும். முப்பது வருடம் லாரிகளுக்குச் சொந்தக்காரியாக இருந்தும், அன்று மேட்டில் போனதுதான் நான் அதில் ஏறிய முதல் தடவை. மேலே போனதும் இரண்டு பக்கமும் வெகு தூரம் தெரிகிறது தம்பி. மறுபடியும் போக வேண்டும். இது ஒரு காரணமா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். காரணம் இல்லாமல் உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

இருபதாம் தேதி அந்த ஆள் வரலாமா, வேண்டாமா என்பதற்கு உங்கள் பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எழுதி, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புங்கள்.